கண்ணாடி பீரோவில் ஐந்து வோல்ட்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களிடம் எல்லோரும் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள். ஒன்று, பொழுது எப்படிப் போகிறது என்பது. இன்னொன்று, அவர்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட ஒன்றை நம் வாயால் நல்லது என்று சொல்லவைக்கும் கேள்வி. போன வாரம் சித்ரா கேட்டது இரண்டாவது வகை.

சித்ரா என்னோடு வேலை பார்த்தவள். இப்போது கோயம்புத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் பொறுப்பில் இருக்கிறாள். "அக்கா, டேபிள் மேல வைக்கிற டிசி பவர் சப்ளை ஒண்ணு வாங்கணும். வோல்டேஜ் ஆடாம நிக்கணும். நாலு மாடல் வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன், பாத்துச் சொல்லுங்க" என்றாள். பார்த்தேன். நான்கும் சுவரில் செருகினால் நாம் திருகும் அளவுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டிகள். அனுப்பியவை முழுக்க முன்பக்கப் படங்கள். "மூணாவது லட்சணமா இருக்குல்லக்கா?" என்று அடுத்த செய்தி வந்தது. மாப்பிள்ளை போட்டோ பார்த்தே பூ வைத்துவிடும் குடும்பம் போலிருக்கிறது.

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. திருச்செங்கோடு ரோட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில் இதே மாதிரி ஒரு பெட்டி வாங்கினோம். அந்தக் கதையையே எழுதிவிடுகிறேன். பதில் அதற்குள் இருக்கிறது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். சேலம் அம்மாபேட்டையில் வீடு. கணக்கு நன்றாக வருகிறது என்று எங்கள் சர்ச் பங்குச் சாமியார் அப்பாவிடம் சொன்னதால் நர்சிங் படிக்க வேண்டியவள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். அங்கே படித்ததில் முக்கால்வாசி நான் வேலைக்குச் சேர்வதற்குள் வழக்கொழிந்துவிட்டது. மீதிக் கால்வாசி ஓம் விதி. அதை வைத்துத்தான் கடைசி வரை சம்பளம் வாங்கினேன்.

எங்கள் கம்பெனி, கோழிக்குஞ்சு பொரிக்கும் மிஷின்களுக்கு கன்ட்ரோல் கார்டு செய்தது. மிஷினுக்குள் சூடு எவ்வளவு என்று பார்த்து, குறைந்தால் ஹீட்டரைப் போட்டு, ஏறினால் அணைப்பது கார்டின் வேலை. முட்டைக்கு முப்பத்தேழரை டிகிரி வேண்டும். அரை டிகிரி கூடிப்போய் அப்படியே நாள்கணக்கில் நின்றால், குஞ்சு அவசரப்பட்டு தொப்புள் மூடாமல் வெளியே வந்து விழும். நாமக்கல் பக்கம் கோழி வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

முதலாளி நாச்சிமுத்து லாரித் தொழிலிலிருந்து வந்தவர். லாரிகளை விற்றுவிட்டு மகளின் படிப்பை நம்பி கார்டு தொழிலுக்கு வந்தார். மகள் கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டாள், தொழில் இவரிடம் நின்றுவிட்டது. கார்டைப் பற்றி எதுவும் தெரியாது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டார். அந்தக் குணம் எங்கள் குவாலிட்டி மேனேஜர் குணசேகரன் சாரிடம் இல்லை.

குணசேகரன் சார் ஒரு பொருளைப் பார்க்குமுன் அதில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்ப்பார். ஸ்டிக்கர் இருந்தால் பொருள் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. மின்விசிறிக்கு நம்பர், தண்ணீர் டிரம்முக்கு நம்பர், குப்பைத் தொட்டிக்கு "சோதிக்கப்பட்டது" என்று பச்சை ஸ்டிக்கர். கோபமே வராது. நாம் தலைபோகிற விஷயத்தைச் சொன்னாலும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ப்ரொசீஜர்ல இருக்கா மேடம்?" என்பார். இல்லையென்றால் அந்தப் பிரச்சினையும் இல்லை. ஆனால் யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் நிற்பார், பந்தல் போட ஆள் பிடிப்பார். அதனால் அவரை முழுசாக வெறுக்கவும் எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

எங்களிடம் ஏற்கெனவே ஒரு பெட்டி இருந்தது. எல்லோரும் அதைக் கிழவன் என்போம். திரையில் 5.0 என்று காட்டும். ஒரு கார்டு மாட்டினால் சரியாக இருக்கும். நான்கைந்து கார்டு மாட்டினால் உள்ளே வோல்டேஜ் இறங்கிப்போகும், திரையில் மட்டும் அதே 5.0. புள்ளிக்குப் பிறகு ஒரே ஒரு இலக்கம் காட்டுகிறவனிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது? புதிதாக ஒன்று வேண்டுமென்று கேட்டுக் கேட்டு, கடைசியில் கமிட்டி போட்டார்கள். சார், கணக்குப் பிள்ளை, ஸ்டோர்ஸ் பெரியசாமி, நான்.

விற்பனை ஆட்கள் ஒவ்வொருவராகப் பெட்டியோடு வந்தார்கள். கணக்குப் பிள்ளை, திரை எத்தனை கலரில் எரிகிறது என்று பார்த்தார். பெரியசாமி ஒவ்வொன்றையும் சந்தையில் ஆட்டுக்கிடாயைத் தூக்குவதுபோல் தூக்கி, "இதுல கறி இருக்குதுங்க" என்றோ, "இது வெறும் எலும்புங்க" என்றோ சொன்னார். கனமான பெட்டிக்குள் பெரிய டிரான்ஸ்பார்மர் இருக்கும், மின்சாரம் இரைச்சலில்லாமல் வரும் என்பதால் அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் எனக்கு எரிச்சல்.

நான் செய்தது ஒன்றுதான். லாரி ஹெட்லைட் பல்பு ஒன்றை வாங்கிவரச் சொல்லி, பெட்டியில் பன்னிரண்டு வோல்ட் வைத்து, பல்பு எரியாதபோது எவ்வளவு, எரியும்போது எவ்வளவு என்று மீட்டரில் பார்த்தேன். பெட்டியின் வாயில் அல்ல, பல்பின் காலடியில். முதல் பெட்டி பல்பைக் கண்டதும் மயங்கி விழுந்தது. இரண்டாவது பெட்டியின் திரை கல் மாதிரி நின்றது, பல்பின் காலடியில் மட்டும் இறங்கியது. "அது ஒயரோட குத்தம் மேடம், பெட்டி மேல தப்பே இல்ல" என்றார் அந்தத் தம்பி. உண்மைதான். ஒயர் கொஞ்சம் தின்னும், முனையில் மாட்டும் கிளிப் கொஞ்சம் தின்னும். ஆனால் கார்டுக்கு யார் தின்றார்கள் என்ற விசாரணை தேவையில்லை. தனக்கு வந்ததா இல்லையா என்பதுதான் அதற்குக் கணக்கு.

மூன்றாவது பெட்டியில் வழக்கமான இரண்டு முனையோடு இன்னும் இரண்டு முனை இருந்தது. அதிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர்களைப் பல்பின் காலடி வரை கொண்டுபோய்க் கட்டினால், பெட்டி அங்கே போய் அளவைப் பார்த்து, குறைந்ததை இங்கே கூட்டிக்கொடுக்கும். பந்தியில் பரிமாறுகிறவர் அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தால் கடைசி இலைக்கு ரசம் வந்ததா என்று தெரியாது. இந்தப் பெட்டி கடைசி இலையைப் போய்ப் பார்க்கும். பல்பு எரிந்தாலும் அணைந்தாலும் மீட்டரில் கடைசி இலக்கம்கூட அசையவில்லை. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

கமிட்டியும் அதையே தேர்ந்தெடுத்தது. காரணம் நான் சொன்னது அல்ல. அந்தப் பெட்டியோடு பளபளவென்று மின்னும் முத்திரை வைத்த அளவுச் சான்றிதழ் வந்தது. சார் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். வானவில் தெரிந்தது. தீர்மானம் முடிந்துவிட்டது.

பெட்டி வந்து சேர்ந்தபோது ஆயுத பூஜை. எங்கள் ஊரில் ஆயுத பூஜைக்குத் தப்பிய இரும்பு கிடையாது. திருப்புளி, குறடு, மீட்டர் எல்லாம் வரிசையில் உட்கார்ந்து பொட்டு வைத்துக்கொள்ளும். எனக்கு அந்தப் பூஜையும் பொரிகடலையும் பிடிக்கும். அந்த வருஷம் மட்டும் பதறிப்போனேன். புதுப் பெட்டிக்கு முதல் மரியாதை என்று, கம்பியைச் செருகும் நான்கு முனைகளிலும் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார் பெரியசாமி. மறுநாள் ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்துக்கொண்டு துடைத்து முடித்து நிமிர்ந்தேன். பின்னால் சார் நின்றிருந்தார்.

"இப்புடி ஆளாளுக்குக் கை வச்சா என்னத்துக்கு ஆகும் மேடம்?" என்றார். சாயங்காலம் பெட்டி அவர் அறையில் இருந்த கண்ணாடி பீரோவுக்குள் போய்விட்டது. மேலே பாலிதீன் உறை. பக்கத்தில் பிரேம் போட்ட சான்றிதழ். டிவி வாங்கி வருஷங்கள் ஆகியும் ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாத ஊர் இது. நல்ல பொருளை நாம் உபயோகிப்பதில்லை, காப்பாற்றுகிறோம். வெளியிலிருந்து தரத்தைச் சோதிக்க ஆடிட் வரும் நாளில் மட்டும் பீரோ திறக்கும். எங்கள் சர்ச் திருவிழாத் தேர்கூட வருஷத்துக்கு ஒருமுறை தெருவைச் சுற்றி வரும். இது அறையை விட்டே வராது. நான் கேட்டேன், கத்தினேன், முதலாளியிடம் சொல்லுவேன் என்று மிரட்டினேன். "ப்ரொசீஜர்ல, கருவியைப் பாதுகாப்பா வைக்கணும்னுதான் இருக்கு மேடம். உபயோகிக்கணும்னு எங்க இருக்கு?" என்றார். தேடிப் பார்த்தேன். உண்மையிலேயே இல்லை.

கிழவன் வேலையைத் தொடர்ந்தான். அப்போதுதான் சாருக்கு உற்பத்தியைப் பெருக்கும் யோசனை வந்தது. ஒவ்வொரு கார்டாகச் சரிபார்ப்பதற்குப் பதில் பத்துக் கார்டை ஒரே பலகையில் மாட்டி, ஒரே நேரத்தில் சரிபார்ப்பது. அந்தப் பலகையில் கண்ணம்மாவை உட்கார வைத்தார்கள்.

கண்ணம்மா குமாரபாளையத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவள். தறிச் சத்தத்தில் ஒரு காது மந்தமாகிப்போய், இன்னொன்றும் போய்விடும் என்று டாக்டர் பயமுறுத்திய பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தாள். வந்த புதிதில் டெஸ்டிங் அறையின் அமைதியில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, இங்க சம்பளம் இல்லாட்டியும் வருவேனுங்க" என்று சொன்னவள். முதலாளி காதில் விழுந்துவிடப்போகிறது என்று நான்தான் அடக்கினேன். அவள் வேலை இது: சென்சாரைச் சரியாக முப்பத்தேழரை டிகிரியில் இருக்கும் தண்ணீரில் போட வேண்டும், கார்டின் திரையும் முப்பத்தேழரை காட்டும்வரை சின்னத் திருகை நகர்த்த வேண்டும். அவ்வளவுதான். அவள் கை அதில் நடுங்கி நான் பார்த்ததில்லை.

சில மாதங்கள் கழித்து பரமத்தி பக்கத்திலிருந்து ஒரு ஹேச்சரிக்காரர், அதாவது குஞ்சு பொரித்து விற்பவர், கார்டைப் பையில் போட்டுக்கொண்டு நேரில் வந்தார். "ஏனுங்க, குஞ்சு பொரிக்கத்தான கார்டு கேட்டேன்? இது முட்டையை அவிக்குதுங்க" என்றார். சிரிக்க வேண்டிய பேச்சு. அவர் முகத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அதே வாரத்தில் இன்னும் சிலர் வந்தார்கள். எல்லாம் அரை டிகிரி கூடுதல் சூடு.

சார் கார்டுகளைத் திருப்பி ஸ்டிக்கரைப் பார்த்தார். எல்லாவற்றிலும் கண்ணம்மாவின் எழுத்து. பழையபடி சின்ன அடாப்டரில் ஒவ்வொன்றாகச் சோதிக்கும் மற்றப் பெண்களின் கார்டு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. சாருக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. "ஆபரேட்டர் தவறு" என்றார். சனிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

கண்ணம்மா என்னிடம் வந்தாள். அழவில்லை. "அக்கா, நான் திருகுல தப்புப் பண்ணலீங்க. போகச் சொன்னா போறேனுங்க. ஆனா திரும்பத் தறிக்குத்தான் போகோணும். இருக்கற காதும் போயிருமுங்க" என்றாள். மீட்டரை எடுத்துக்கொண்டு அவள் பலகைக்குப் போனேன்.

கிழவனின் திரையில் 5.0. அவன் வாயில் மீட்டரை வைத்தேன், 4.97. ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், பத்துக் கார்டும் எரியும்போது கார்டின் காலடியில் வைத்தேன், 4.93. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

கார்டு சூட்டை அளப்பதற்கு அந்த ஐந்து வோல்ட்தான் முழம். பூக்காரம்மாவின் கை குட்டையாக இருந்தால் அதே சரம் முழக்கணக்கில் கூடுதலாக வரும். அதுபோல, ஐந்து வோல்ட் குறைந்தால் அதே தண்ணீர் கார்டுக்கு அரை டிகிரி கூடுதலாகத் தெரியும். கண்ணம்மா நேர்மையாகத் திருகி அதைக் குறைப்பாள். கார்டு ஹேச்சரிக்குப் போனதும் அங்கே அதற்கு முழு ஐந்து வோல்ட் கிடைக்கும். இப்போது முழம் நீண்டுவிட்டது, சூடு குறைவாகத் தெரியும். கார்டு ஹீட்டரை அணைக்காமல் அரை டிகிரி கூட்டி வைக்கும். ஒரு கார்டு மாட்டினால் இந்தக் கோளாறு பெயரளவுக்குத்தான். பத்து மாட்டினால் முட்டை அவியும்.

ஓடிப்போய்ச் சாரிடம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு என் கையிலிருந்த மீட்டரை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மீட்டரோட சான்றிதழ் போன மாசமே முடிஞ்சுபோச்சு மேடம். இது சொல்றது செல்லாது."

"சரி சார், செல்லுற கருவி எது?"

அவர் பீரோவைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"அதைத் திறந்து குடுங்க சார். அதை மாட்டிக் காட்டறேன்."

"அடுத்த வாரம் ஆடிட் இருக்கு. அதுக்கு முன்னாடி எடுக்க முடியாது. ஏதாவது ஆச்சுன்னா சான்றிதழே போயிரும்."

அந்தக் கணத்தில் அவரை அடித்திருப்பேன். நான் ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவள், இதை எழுதக் கூச்சப்படவில்லை. நேராக முதலாளி அறைக்குப் போனேன். இந்த முறை மிரட்டவில்லை, சொன்னேன். அவர் எழுந்து வந்து பீரோ முன்னால் நின்றார். பாலிதீன் உறையைப் பார்த்தார், பிரேமைப் பார்த்தார்.

"இது எப்ப வாங்குனதுங்க?"

"போன ஆயுத பூஜைக்குங்க" என்றேன்.

"எத்தனை கார்டு பாத்துச்சு?"

சார் பாலிதீன் உறையின் சுருக்கத்தை நீவிவிட்டார். முதலாளி மெதுவாகச் சொன்னார்: "குணசேகரன், நான் லாரி ஓட்டுனவனுங்க. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. எஃப்சி வாங்குன வண்டியை ஷெட்டுல பூட்டிப்போட்டு, பிரேக் புடிக்காத வண்டியில லோடு ஏத்தி அனுப்பியிருக்கீங்க. வண்டி கவுந்ததுக்கு லோடுமேன் சீட்டைக் கிழிச்சிருக்கீங்க. சாவியைக் குடுங்க."

உறையைக் கழற்றி, புதுப் பெட்டியைக் கண்ணம்மாவின் பலகைக்குக் கொண்டுவந்தோம். நான்கு ஒயரையும் நானே கட்டினேன், மெல்லிய இரண்டையும் கார்டின் காலடி வரை. திரும்பி வந்த கார்டுகளைப் பலகையில் மாட்டி, சென்சார்களை முப்பத்தேழரை டிகிரித் தண்ணீரில் போட்டோம். பத்துத் திரையிலும் முப்பத்தேழு. கண்ணம்மா யாரும் சொல்லாமலே பெட்டியை அணைத்து, ஒயரைக் கழற்றி, கிழவனை மாட்டினாள். பத்துத் திரையிலும் முப்பத்தேழரை. முதலாளி இரண்டு முறை மாற்றி மாற்றி மாட்டச் சொல்லிப் பார்த்தார். ஹேச்சரிக்காரர்களின் கார்டை எல்லாம் திருப்பி வாங்கிச் சரிசெய்து கொடுங்கள் என்றார்.

சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இதுதான் சார் நம்ம குவாலிட்டி சிஸ்டத்தோட பலம். தப்பு தானா வெளிய வந்துருச்சு பாருங்க" என்றார். மேற்கொண்டு எடுக்க வேண்டிய நடவடிக்கை என்று, ஆபரேட்டருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுக்கலாம் என்று யோசனையும் சொன்னார். முதலாளி அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பயிற்சி ரத்தாகிவிட்டது.

"போனதை மனசுல வச்சுக்காத சாமி. திங்கக்கிழமை எப்பவும் போல வந்துரு" என்றார் முதலாளி கண்ணம்மாவிடம்.

அவள் உடனே தலையாட்டுவாள் என்று நினைத்தேன். முந்தானையைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். "வாரேனுங்க. ஆனா பீரோ சாவி எங்கிட்ட இருக்கோணுமுங்க. காலையில எடுத்து வேலை பாத்துட்டு, சாயங்காலம் நானே வச்சுப் பூட்டிட்டுப் போறேனுங்க. இல்லீன்னா மறுபடியும் உள்ள போயிரும். மறுபடியும் எம் பேருதான் கெடும்" என்றாள்.

முதலாளி சாவியை அவள் கையில் வைத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மீட்டரைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். அவள் சாவியைத் தாலிக்கொடியில் இருந்த ஊக்கில் மாட்டிக்கொண்டாள்.

ஆகவே சித்ரா, முன்பக்கப் படத்தைப் பார்க்காதே. பல்பு ஒன்றைக் கொண்டுபோய், எரியவிட்டு, அதன் காலடியில் அளந்து பார். நாலு ஒயர் கட்ட இடம் இருக்கிற பெட்டியாக வாங்கு. எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் ஆபீசில் கண்ணாடி பீரோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள். இருந்தால் முதலில் அதை விற்றுவிடு.

கதையில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. சொன்னபடி அடுத்த வாரம் ஆடிட்டர் வந்தார். அவர் கேட்டுக்குள் நுழைந்ததுமே சார் பலகைக்கு ஓடி வந்து, "கண்ணம்மா, ஒரு அரை மணி நேரம் பெட்டியை பீரோவுல வச்சுக்கறேன். பாத்துட்டுப் போயிருவாரு, உடனே தந்துர்றேன்" என்றார்.

"பத்துக் கார்டு தண்ணியில கெடக்குதுங்க சார். எடுக்க முடியாதுங்க" என்றாள், திருகிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வேறு வழியில்லாமல் சார் பிரேமை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு ஆடிட்டரைப் பலகைக்கே அழைத்து வந்தார். ஆடிட்டர் பெட்டியைப் பார்த்தார், நான்கு ஒயரையும் விரலால் தொடர்ந்து கார்டு வரை போய்ப் பார்த்தார். "இந்தக் கருவி யார் பொறுப்புல இருக்கு?" என்று கேட்டார். எந்தக் கம்பெனியிலும் இந்தக் கேள்விக்கு மேனேஜர்தான் பதில் சொல்லுவார், தன் பெயரைத்தான் சொல்லுவார். சார் வாயைத் திறந்தார். அவர் பார்வை கண்ணம்மாவின் கழுத்தில் தொங்கிய சாவியில் போய் நின்றது.

"இவங்க பொறுப்புலதான் சார்" என்றார். அவளை அவர் "இவங்க" என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"ஆமாங்க, நான்தானுங்க" என்றாள் கண்ணம்மா. திருப்புளியைக் கீழே வைக்கவில்லை.